வெளிச்சம் யார் வீட்டுச் சொத்து?

"கேமராவுக்கு ஆண், பெண் எல்லாம் தெரியாதும்மா. அது வெறும் மெஷின். எதிரே இருப்பதை எடுக்கும், அவ்வளவுதான்."

சினிமா பற்றிப் பேசும் கூட்டங்களில் ஒரு பெண் எழுந்து ஒளிப்பதிவைப் பற்றிக் கேள்வி கேட்டால் இந்தப் பதில் வந்து விழுகிறது. கெட்டவர்கள் சொல்லும் பதிலும் அல்ல இது. தொழிலை நேசிப்பவர்கள், நல்ல படம் எடுத்தவர்கள், "தங்கச்சி" என்று கூப்பிட்டு டீ வாங்கித் தருகிறவர்கள் சொல்வது. அதனால்தான் இதை மறுப்பது கஷ்டமாகவும் அவசியமாகவும் இருக்கிறது.

கேமரா மெஷின்தான், ஒப்புக்கொள்கிறேன். அம்மியும் வெறும் கல்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக அதன் முன்னால் யார் உட்கார்ந்தார், யார் உட்காரவே இல்லை என்பதைக் கல் முடிவு செய்யவில்லை.

அடுத்து, அது எதிரே இருப்பதை மட்டும் எடுக்கிறது என்பதும் பொய். எதிரே எதை வைப்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது, எந்த உயரத்தில் கண்ணை வைப்பது, எந்த லென்ஸ், எதன்மேல் ஒளி, எதன்மேல் இருட்டு, எத்தனை நொடி என்று ஒவ்வொன்றையும் ஒருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவுகளின் கூட்டுத்தொகைக்குப் பெயர்தான் ஒளிப்பதிவு. கதாநாயகன் அறிமுகமாகிறான் என்றால் கேமரா தரையில் படுத்துக்கொள்கிறது. முதலில் செருப்பு, பிறகு நடை, பிறகு கீழிருந்து மேலே அண்ணாந்து பார்க்கும் முகம். பக்தன் கோபுரத்தைப் பார்ப்பதுபோல. கதாநாயகி அறிமுகமானால் அதே கேமரா காலில் தொடங்கினாலும் வேறு வேலை பார்க்கிறது. கொலுசு, கெண்டைக்கால், இடுப்பில் ஒரு நிறுத்தம், கூந்தல், கடைசியில் போனால் போகிறதென்று முகம். இருவருக்கும் காலில்தான் தொடக்கம். ஒன்று அண்ணாந்து கும்பிடுகிறது, மற்றது கறிக்கடையில் எடைக்கு முன் துண்டு போடுகிறது.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். வீட்டில் தொலைக்காட்சியில் ஏதாவது ஒரு பாட்டு ஓடும்போது ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். இசை போனதும் கேமராவின் வேலை அம்மணமாகத் தெரியும். மாணவிகளோடு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். முதலில் சிரிப்பார்கள். மூன்றாவது பாட்டில் சிரிப்பு நின்றுவிடும். கூட்டம் நிறைந்த பேருந்தில் ஏறியவுடன் முதுகில் ஊரும் ஒரு பார்வை உண்டே, அதை அடையாளம் கண்டுகொள்வதற்கு நமக்கு எந்தத் திரைப்படக் கோட்பாடும் தேவையில்லை. லாரா மல்வி 1975-இல் ஹாலிவுட்டை முன்வைத்து ஆண்பார்வை பற்றி எழுதிய கட்டுரையை நம் விமர்சகர்கள் ஐம்பது வருடமாக மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டட்டும். பார்வைக்கு எடை உண்டு, அது உடம்பில் படும், பட்டால் வலிக்கும் என்பது நம் பாட்டிகளுக்கும் தெரியும்.

மெஷின் விஷயத்துக்கே திரும்புவோம். அது நடுநிலையானதா? தொடக்ககாலக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு கலந்ததெல்லாம் கறுப்பாகப் பதிவாகும். அதைச் சமாளிக்க நடிகர்கள் முகத்தில் வெள்ளையாக அப்பிக்கொண்டார்கள். எல்லா நிறங்களையும் உணரும் ஃபிலிம் 1920-களின் கடைசியில்தான் பரவலானது. வண்ணம் வந்தபோது வேறு சிக்கல். கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பிவைக்கும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று அர்த்தம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்த அளவுகோலில் கறுப்புத் தோல் விவரமற்ற நிழலாகிப் போனது. ஒரே படத்தில் வெள்ளைக் குழந்தையும் கறுப்புக் குழந்தையும் நின்றால், கறுப்புக் குழந்தைக்குக் கண்ணும் பல்லும் மட்டுமே மிஞ்சின. இதைத் திருத்தும்படி நெருக்கியவர்கள் யார் தெரியுமா? சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும். பால் சாக்லேட்டுக்கும் கறுப்பு சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அவர்கள் புகார் செய்த பிறகுதான் நிறுவனத்துக்கு உறைத்தது. எழுபதுகளின் கடைசியில் மொசாம்பிக்கில் வேலை செய்யப்போன கோதார், கோடாக் ஃபிலிமில் இனவெறி இருக்கிறது என்று சொல்லி அதைப் பயன்படுத்த மறுத்தார். மேசைக்கும் சாக்லேட்டுக்கும் கிடைத்த மரியாதை மனித முகத்துக்குக் கிடைக்க அவ்வளவு காலம் ஆனது. மெஷினுக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்களே, அந்த மெஷினைச் செய்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அந்த ஃபிலிம் சுருள்கள் சென்னைக்கும் வந்தன. வெயில் காயும் ஊர், மாநிறமும் கறுப்புமான மக்கள், திரையில் மட்டும் மாவு பூசிய முகங்கள். இங்கே குறையை ஃபிலிமின்மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பாலு மகேந்திராவும் அசோக் குமாரும் நிவாஸும் அதே காலத்துச் சரக்கை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். '16 வயதினிலே' 1977-இல் ஸ்டுடியோ தளத்தை விட்டுக் கிராமத்து வெயிலுக்கு வந்தது. 'முள்ளும் மலரும்' 1978-இல் ஷோபாவின் மாநிற முகத்தை வெளுக்க வைக்காமல், சன்னலிலிருந்து வரும் வெளிச்சம் போன்ற ஒளியில் காட்டியது. 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் கறுப்பு, பூசி மறைக்க வேண்டிய குறையாக இல்லை. கறுத்த முகத்தை அழகாகப் பதிவு செய்யும் கலை தமிழுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே கைவிட்டோம்.

இன்று டிஜிட்டல் கேமராக்கள் இருட்டிலும் தோலின் ஒவ்வொரு சாயலையும் பிரித்தறிகின்றன. கிடைத்த வசதியை வைத்து என்ன செய்கிறோம்? படம் எடுத்து முடித்தபின் வண்ணம் திருத்தும் அறையில் கதாநாயகியின் முகத்தை மட்டும் தனியே வட்டம் போட்டுப் பிரித்து வெளிச்சத்தை ஏற்றுகிறோம். பக்கத்தில் நிற்கும் நாயகன் கறுப்பாகவே இருக்கலாம். அவனுக்கு அது மண்ணின் மைந்தன் என்ற பட்டம். அவளுக்குத்தான் வட்டம். கிராமத்து ஏழைப்பெண் வேடம் என்றால் கதை தலைகீழ். வெளுத்த நடிகையைக் கூட்டிவந்து கறுப்பு பூசுவார்கள். கறுப்பான நடிகை கிடைக்கவில்லையாம். தமிழ்நாட்டில்!

ஒரு தகவல் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். நடிகையின் முகச்சுருக்கம் தெரியாமல் மென்மையாகக் காட்ட, லென்ஸின் பின்புறம் மெல்லிய வலையைக் கட்டுவது உலகெங்கும் ஒளிப்பதிவாளர்களின் பழைய வித்தை. அதற்கு மிகச் சிறந்த வலை எதுவென்றால், பெண்கள் காலில் அணியும் ஸ்டாக்கிங். பெண்ணின் காலுறை லென்ஸுக்குப் பின்னால் போகலாம். பெண் போகக்கூடாது.

போகவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. அதில் நாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படத்தை இயக்கினார். பானுமதி 1953-இல் 'சண்டிராணி'யை இயக்கினார், ஸ்டுடியோவே நடத்தினார். சாவித்திரியும் இயக்கினார். ஆக, பெண் நடிக்கலாம், பாடலாம், பணம் போடலாம், இயக்கவும் செய்யலாம். ஆனால் கேமராவின் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு பெண்ணுக்கு 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பி.ஆர். விஜயலட்சுமி, படம் 'சின்ன வீடு'. 'மிஸ் கமலா'வுக்கும் அதற்கும் இடையே நாற்பத்தொன்பது ஆண்டுகள். இயக்குவதைக்கூட விட்டுக்கொடுத்தவர்கள் வெளிச்சத்தை ஏன் இத்தனை இறுக்கிப் பிடித்திருந்தார்கள்?

கருவறைபோல அந்தத் துறையை வைத்திருந்தார்கள் என்பதே என் பதில். குரு, சிஷ்யன், தொழில் ரகசியம், "என் கையைப் பார்த்துக் கத்துக்க" என்ற ஏற்பாடு. எழுதிவைத்த பாடம் குறைவு, கூட இருந்து பழகுவது அதிகம். கூட இருப்பதென்றால் இரவு இரண்டு மணிக்கு லாட்ஜ் அறையில், வேனில், டீக்கடையில், சில சமயம் மதுக்கடையிலும் கூட இருப்பது. அந்த இடங்களில் பெண்ணுக்கு நாற்காலி கிடையாது. கதவு எப்படித் திறந்தது என்பதையும் கவனியுங்கள். விஜயலட்சுமி இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள். அசோக் குமாரிடம் உதவியாளராக இருந்தவர். 'அபியும் நானும்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ப்ரீதா ஜெயராமன், பி.சி. ஸ்ரீராமின் உறவினர். இவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. திறமை இல்லாமல் அந்தத் தளத்தில் ஒரு நாள்கூட நிற்க முடியாது. திறமை இருந்தும், வீட்டுக்குள்ளிருந்து ஒரு சாவி தேவைப்பட்டது என்றுதான் சொல்கிறேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து தரமணி திரைப்படக் கல்லூரிக்கு வரும் ஒரு தலித் மாணவிக்கு அந்தச் சாவியை யார் தருவது? அவள் தாய்மாமன் ஒளிப்பதிவாளர் இல்லை. படிப்பு முடிந்து உதவியாளராகச் சேர்ந்தால் முதல் சில வருடங்களுக்குக் கையில் வருவது வெறும் பேட்டா. சென்னையில் தனியாக அறை எடுத்துத் தங்கி அந்த வருடங்களைக் கடப்பது சொத்து இருப்பவர்களுக்கு மட்டுமே சாத்தியம். அங்கேயே பாதிப் பெண்கள் உதிர்ந்துபோகிறார்கள். பிறகு மேடையில், "பெண்களுக்கு இந்தத் துறையில் ஆர்வம் இல்லை" என்று பேசுவார்கள்.

இங்கே இன்னொரு கேள்வி வரும். வரவேண்டியதுதான். "பெண் கேமராவைப் பிடித்தால் பார்வை மாறிவிடுமா? 'சின்ன வீடு' என்ன படம்?" மனைவி குண்டாக இருக்கிறாள் என்று அவமானப்பட்டு வேறொரு பெண்ணைத் தேடிப்போகும் ஆணின் கதை. நகைச்சுவை என்ற பெயரில் கல்பனாவின் உடலைக் கேலி செய்யும் படம். தமிழின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் முதன்முதலாக ஒளியூட்டியது அந்தக் கேலிக்குத்தான். இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு அவரைக் கொண்டாடுவது நமக்கு நாமே கதை சொல்லிக்கொள்வது.

எதிர்த்திசையிலும் உதாரணம் இருக்கிறது. 1978-இல் ருத்ரய்யா இயக்கிய 'அவள் அப்படித்தான்'. ஒளிப்பதிவு நல்லுசாமி, ஞானசேகரன். கறுப்பு வெள்ளை, கையில் காசில்லாத படம். ஸ்ரீப்ரியாவின் மஞ்சு பேசும்போது கேமரா அவள் முகத்தின் அருகே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் இருட்டு, ஒப்பனை குறைவு. அவள் யோசிப்பதை நாம் பார்க்கிறோம். இடுப்பைத் தேடி கேமரா அலையவில்லை. எடுத்தவர்கள் இருவரும் ஆண்கள். ஆக, பார்வை பிறப்பிலேயே வருவதில்லை. பழகியது, கற்றது. ஆணும் அதைக் கைவிட முடியும், பெண்ணும் அதைக் கற்றுக்கொண்டு செய்ய முடியும்.

இன்னும் சொன்னால், ஒரே மனிதரிடம் இரண்டு கண்கள் இருக்கும். பாலு மகேந்திராவை மேலே பாராட்டினேன். அதே பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' 1982-இல் வந்தது. ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கியது. ஸ்ரீதேவியின் விஜியை அந்தக் கேமரா எப்படிப் பார்க்கிறது! நினைவிழந்து குழந்தையாகிப்போன ஒரு பெண்ணைக் கலைத்துவிடக் கூடாதென்ற பதற்றத்தோடு, மலையூரின் மெல்லிய ஒளியில் பார்க்கிறது. அதே படத்தில் பள்ளித் தலைமையாசிரியரின் இளம் மனைவியாக சில்க் ஸ்மிதா வருகிறார். வயதான கணவன், வாடிய வாழ்க்கை, ஒருவனிடம் ஏக்கம். மஞ்சுவுக்குக் கிடைத்ததுபோல அந்த முகத்துக்கும் ஒரு நீண்ட அண்மைக்காட்சி கிடைத்திருக்கலாம். கிடைத்தது ஒரு கனவுப் பாட்டு. அந்தக் கனவு கதைப்படி அவளுடையது. ஆனால் கனவு காண்கிறவளின் கண் அந்தப் பாட்டில் எங்கேயும் இல்லை. அவள் ஏக்கத்தையே எடுத்து அரங்கின் முன்வரிசைக்குப் பரிமாறிவிட்டார்கள். ஒரே லென்ஸ், ஒரே மலை, ஒரே விருது. ஒரு பெண்ணுக்குப் பரிவு, இன்னொருத்திக்குப் பசி. யாருக்கு எது என்பதை ஒளிமானி சொல்லவில்லை. நல்ல பெண், கெட்ட பெண் என்று ஊர் போட்டு வைத்த கோடு சொன்னது. நான் இந்தப் படத்தை இன்னும் நேசிக்கிறேன், அதனால்தான் இது எனக்கு உறுத்துகிறது. மட்டமான படமென்றால் சேனலை மாற்றிவிட்டுப் போயிருப்பேன்.

அப்படியானால் பெண்கள் ஏன் வரவேண்டும், பார்வை தானாக மாறாது என்று நீயே சொல்லிவிட்டாயே என்பார்கள். தோழிகளே, இந்த இடத்தில் கவனமாக இருங்கள். இது வலை. எந்த ஆண் உதவியாளரிடமாவது, "நீ வந்தால் சினிமாவின் பார்வை திருந்துமா?" என்று கேட்டுவிட்டு வேலை கொடுத்தார்களா? ஆண் வருவது பிழைப்புக்கு. பெண் மட்டும் சமூகத்தைத் திருத்துவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டுமா? ஒளிப்பதிவு ஒரு வேலை. சம்பளம் உள்ள, மரியாதை உள்ள, திறமையைக் காட்ட இடம் உள்ள வேலை. பொதுமக்களின் பணத்தில் நடக்கும் கல்லூரியில் கற்பிக்கப்படும் வேலை. அதில் பெண்ணுக்குப் பங்கு வேண்டும் என்பதற்கு அது அவள் உரிமை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல நான் தயாராக இல்லை. மோசமான படத்தை மோசமாக எடுக்கும் உரிமையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஆண்கள் அதைத் தாராளமாக அனுபவித்து வருகிறார்கள்.

பலர் வந்தால் பார்வையும் மாறும் என்பது அடுத்த விஷயம். சிலீன் சியாமா இயக்கி 2019-இல் வந்த 'தீயில் எரியும் பெண்ணின் ஓவியம்' என்ற பிரெஞ்சுப் படத்தைத் தேடிப்பாருங்கள். ஒளிப்பதிவு கிளேர் மத்தோன். ஓவியம் வரைபவளும் பெண், வரையப்படுபவளும் பெண். நீ என்னைப் பார்க்கும்போது நானும் உன்னைப் பார்க்கிறேன் என்ற ஒரு செய்தி போதும், மொத்தப் படத்தின் ஒளியும் கோணமும் மாறிப்போகின்றன. ரேவதி இயக்கி 2002-இல் வந்த 'மித்ர், மை ஃப்ரெண்ட்' படத்தில் தொழில்நுட்பக் குழு பெரும்பாலும் பெண்கள். ஒளிப்பதிவு ஃபௌசியா ஃபாத்திமா. ஷோபனாவின் லட்சுமி, நடுவயதில் தனிமைப்பட்ட ஒரு மனைவி. அவளை ஏங்க வைத்து வேடிக்கை பார்க்காமல், அவள் பக்கத்தில் நின்று பார்த்த படம். ஷோபனாவுக்கும் படத்தொகுப்பாளர் பீனா பாலுக்கும் தேசிய விருது கிடைத்தது. பெண்கள் கூடி எடுத்தால் சண்டைதான் வரும் என்றவர்கள் அதன்பிறகு என்ன சொன்னார்கள் என்று யாரும் பதிவு செய்யவில்லை.

எடை பற்றிய வாதத்துக்கு நேரம் செலவிட எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் அது சாகமாட்டேன் என்கிறது. "கேமரா கனமா இருக்கும்மா." பழைய மிட்செல் கேமராவை எந்த ஆணும் தனியாகத் தூக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். இன்று படப்பிடிப்புகளில் புழங்கும் அலெக்ஸா மினியின் வெறும் உடல் 2.3 கிலோ. லென்ஸ், பேட்டரி, மானிட்டர் எல்லாம் சேர்த்தால் பல மடங்கு ஆகும், உண்மை. அந்தப் படப்பிடிப்பு நடக்கும் கட்டடத்தைக் கட்டியபோது மூன்றாவது மாடிக்குச் செங்கலையும் கலவையையும் தலையில் சுமந்தவள் சித்தாள். அவளிடம் யாரும் "கனமா இருக்கும்மா" என்று பரிவு காட்டவில்லை. கொத்தனாரைவிடக் குறைந்த கூலிதான் கொடுத்தார்கள். எடை பிரச்சினையாவது சம்பளமும் பெயரும் கூடும் இடங்களில் மட்டும்தான்.

உண்மையான தடை இடுப்புக்குக் கீழே இருக்கிறது. கழிப்பறை. கேரளத்தில் ஹேமா குழு அறிக்கை 2019 கடைசியில் அரசிடம் கொடுக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான், அதுவும் பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியானது. ஊடகங்கள் அதிலிருந்த பாலியல் கொடுமைகளைப் பேசின. பேசத்தான் வேண்டும். அதே அறிக்கையில் இருக்கும் இன்னொன்றை அவ்வளவாக யாரும் பேசவில்லை: படப்பிடிப்புத் தளங்களில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள், சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறார்கள். இதைப் படித்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. சென்னையில் உதவி ஒளிப்பதிவாளராக இருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும், எந்த ஊரில் எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று மனப்பாடமாகச் சொல்வாள். நடிகைக்குக் கேரவன் உண்டு. உதவியாளருக்குச் சவுக்குத் தோப்பு. மாதவிடாய் நாளில் பதினான்கு மணி நேரம் ஃபோகஸ் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவளின் கை ஒரு நொடி தவறினால், "பொண்ணுங்கள வெச்சா இப்படித்தான்" என்பார்கள். ஆணின் கை தவறினால் அது ஒரு டேக், அவ்வளவுதான்.

வெளியுலகம் மட்டும் என்ன வாழ்கிறது? ஆஸ்கர் விருது 1929-இல் தொடங்கியபோதே ஒளிப்பதிவுக்கும் விருது இருந்தது. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் பரிந்துரைப் பட்டியலில் முதன்முறையாக இடம்பெற்றது 2018-இல். 'மட்பவுண்ட்' படத்துக்காக ரேச்சல் மோரிசன். நம் தேசிய விருதில் கதைப்படங்களுக்கான ஒளிப்பதிவு விருதைப் பெற்ற முதல் பெண் அஞ்சுலி சுக்லா, 2009-ஆம் ஆண்டுக்கான விருது, 'குட்டி ஸ்ராங்க்' என்ற மலையாளப் படத்துக்கு. அந்த விருது அறுபதுகளிலிருந்து கொடுக்கப்பட்டு வருகிறது. ஃபௌசியா ஃபாத்திமாவும் தோழிகளும் சேர்ந்து இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்களின் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியதற்குக் காரணம் எளிமையானது. "பெண் ஒளிப்பதிவாளர் யாரும் கிடைக்கவில்லை" என்று இனி எந்தத் தயாரிப்பாளரும் சொல்ல முடியாது. பட்டியல் இருக்கிறது, தொலைபேசி எண் இருக்கிறது. 'சாணிக் காயிதம்' எடுத்த யாமினி யக்ஞமூர்த்தியின் வேலையைப் பார்த்தபிறகும், ரத்தமும் சண்டையும் உள்ள படத்தைப் பெண்ணிடம் கொடுக்க முடியாது என்று சொல்பவர் படம் பார்க்காதவராக இருக்க வேண்டும்.

சங்கங்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் கேட்க வேண்டியவை பெரிய தத்துவமல்ல. உதவியாளருக்கு முதல் நாளிலிருந்து எழுத்துப்பூர்வமான சம்பளம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கூடுதல் கூலி, இரவு வீட்டுக்குக் கொண்டுபோய் விட வண்டி. வெளிப்புறப் படப்பிடிப்பு எங்கே நடந்தாலும் தொழில்நுட்பக் குழுவின் பெண்களுக்குப் பூட்டக்கூடிய கழிப்பறை. புகார் கொடுத்தால் அடுத்த படத்தில் வேலை போகாது என்ற உத்தரவாதம். அரசுத் திரைப்படக் கல்லூரியின் ஒளிப்பதிவுப் பிரிவில் பெண்களுக்கும், அவர்களுக்குள் பட்டியலின மாணவிகளுக்கும் தனியே இடங்கள். கேமராவை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்ய அவர்களுக்கு உதவித்தொகை.

காசு இல்லை என்பார்கள். நாயகனின் கேரவன் பக்கத்தில் அவருடைய உதவியாளர்களுக்கு இன்னொரு கேரவன் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் கழிப்பறை இருந்தது. கதவைப் பூட்டி, சாவியை அவருடைய ஓட்டுநர் வைத்திருந்தார்.